மட்டாஞ்சேரியும் மனைக்கலைகளும்

வரலாறு என்றவுடன் நம் நினைவிற்கு முதலில் வருவன முடியும் கொடியும், கோட்டையும் கொத்தளமும், போரும் உடன்படிக்கையுமே ஆகும். நாம் பள்ளியிற் பயின்ற வரலாற்று நூல்களும் அவ்வாறே அமைந்திருந்தன. ஆனால் ஒரு நாட்டின் வாழ்வு அரண்மனையில் மட்டும் நடைபெறுவதன்று. விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடும் கையிலும், தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாட்டுக் கட்டும் நாவிலும், தலையணை உறைக்குப் பூவேலை செய்யும் ஊசியிலும் அது நடைபெறுகிறது. இவற்றைக் கலை என்று எவரும் அழைப்பதில்லை. செய்பவரும் அவ்வாறு எண்ணுவதில்லை. 'வீட்டு வேலை' என்னும் சொல்லுக்குள் அவை யாவும் அடங்கி மறைந்துவிடுகின்றன.

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, கொச்சி மன்னரைப் பற்றி எழுதலாமா, துறைமுகத்தைப் பற்றி எழுதலாமா என்று முதலில் எண்ணினோம். அவற்றை எழுத வல்ல கற்றோர் பலர் உளர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதிவரும் நாம், அன்றாடம் கண்முன் காணும் மனைக்கலைகளைப் பற்றி எழுதுவதே தகும் எனத் துணிந்தோம். இதனைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைக் கட்டுரையின் இறுதியில் கூறுவோம்.

ஊரும் மக்களும்

1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியின் கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பர். அது முதல் மிளகும் இஞ்சியும் ஏலமும் தேடி வந்தோர் பலர். 1500-இல் போர்த்துக்கீசியர் வந்தனர். 1663-இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். 1795-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் யாவரும் சென்றுவிட்டனர். ஆனால் வணிகத்திற்கும் தொழிலுக்கும் வந்து மட்டாஞ்சேரியில் குடியேறிய கொங்கணியர், குசராத்தியர், கச்சு நாட்டு மேமன்கள், தமிழர் ஆகியோர் இன்றும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். ஒரு தெருவில் தமிழும் மறு தெருவில் குசராத்தியும் காதில் விழ, இரண்டிற்கும் இடையே மலையாளம் பாலமாய் நிற்கும் ஊர் இது.

இவ்வூருக்கு வருவோர் தவறாமல் காண்பது மட்டாஞ்சேரி அரண்மனை. 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்ததை, பின்னர் ஒல்லாந்தர் புதுப்பித்தமையால் 'ஒல்லாந்தர் அரண்மனை' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அதன் பள்ளியறைச் சுவரில் இராமாயணக் காட்சிகள் வண்ணத்தில் எழுதப்பட்டுள்ளன. அவற்றை அண்ணாந்து பார்ப்போர் காலடித் தரையைப் பார்ப்பதில்லை. கருங்கல்லைப் போல் பளபளக்கும் அத்தரை, எரித்த தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, பச்சிலைச் சாறு, முட்டையின் வெண்கரு ஆகியவற்றைக் குழைத்து இட்டது என்று கூறுவர். இப்பொருள்கள் யாவும் அடுக்களையிலும் கொல்லையிலும் கிடைப்பவை அல்லவோ? அரண்மனையின் அழகுக்கும் வீட்டுக் கைப்பக்குவமே அடிப்படையாய் இருந்தது என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

கோலமும் கணக்கும்

மனைக்கலைகளுள் தமிழர்க்கே சிறப்பாக உரியது கோலம். ஏறத்தாழ 1,100 ஆண்டுகட்கு முற்பட்டவராகக் கருதப்படும் ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் முதற் பதிகத்திலேயே தைத் திங்களில் தரையைத் தூய்மை செய்து, நுண்ணிய மணலால் தெருவை அழகு செய்யும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். இன்று நாம் மார்கழியிலும் தையிலும் செய்வது அதன் தொடர்ச்சியே ஆகும்.

கோலத்தில் புள்ளி வைப்பதே முதற் பாடம். புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வைத்தால் நேர்ப்புள்ளி. இரு புள்ளிகளின் இடைவெளிக்குக் கீழே வைத்தால் ஊடுபுள்ளி. "ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நான்கில் நிறுத்து" என்று ஒருத்தி சொன்னால், மற்றொருத்தி தாளும் எழுதுகோலும் இன்றி அதனைப் புரிந்துகொள்வாள். நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, மீண்டும் ஆறு, ஐந்து, நான்கு என ஏழு வரிசைகள். ஆக முப்பத்தேழு புள்ளிகள். ஒரு பெரிய படத்தின் அமைப்பு முழுவதும் ஐந்தே சொற்களில் அடங்கிவிடுவதைப் பாருங்கள்! நம் அலுவலகத்தில் தந்திக் குறியீடுகள் வழங்கிய காலத்தில்கூட இவ்வளவு சுருக்கம் கண்டிருப்பார்களா என்பது ஐயமே.

புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கம்பிக் கோலத்தில் இன்னும் நுட்பமான கணக்கு ஒன்று உண்டு. மூன்று வரிசைகளில் வரிசைக்கு நான்கு புள்ளிகளாக வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளின் இடையெல்லாம் இழைகள் பின்னுமாறு வளைத்துச் சென்றால், எடுத்த கை வைக்காமல் ஒரே இழையில் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரலாம். நான்கு வரிசைகளில் வரிசைக்கு நான்காக வைத்தாலோ, ஒரே இழையில் முடியாது. தனித்தனியே நான்கு இழைகள் வேண்டும். நான்குக்கு ஆறாயின் இரண்டு இழைகள். இவ்விரு எண்களின் மீப்பெரு பொதுக்காரணி எதுவோ அதுவே இழைகளின் எண்ணிக்கை என்பது கணக்கியலார் கண்ட உண்மை. நம் பாட்டிமார் அப்பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் 'இது ஒரு இழைக்கு அடங்கும், அது அடங்காது' என்று புள்ளி வைத்தவுடனேயே சொல்லிவிடுவர்.

கற்றோர் உலகமும் காலம் கடந்தாவது இதனைக் கண்டுகொண்டது. சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர்களாக விளங்கிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகிய இருவரும், கமலா கிருத்திவாசன் அவர்களுடன் சேர்ந்து, கோலங்களை ஒருவகை இலக்கண விதிகளால் விளக்கலாம் என்று காட்டும் ஆய்வுக் கட்டுரையை 1974-இல் கணிப்பொறி வரைவியல் இதழொன்றில் வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்திற்கும் இலக்கணம் உண்டு என்பது அதன் சாரம். வாசலில் குனிந்து நின்ற தாய்மாரின் கை, கணிப்பொறி அறிஞர்க்கும் ஆசிரியராயிற்று.

மட்டாஞ்சேரிக்கு வந்த கோலம் இவ்வூர் மழைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. இடவப்பாதி தொடங்கிவிட்டால் தெருவில் இட்ட மாவு ஒரு நாழிகையும் நில்லாது. ஆகவே நம் வீட்டுப் பெண்கள் கோலத்தைத் தெருவினின்று படிக்கும், படியினின்று இறவாரத்தின் உட்புறத்திற்கும் கொண்டுவந்துவிட்டனர். பதினைந்து புள்ளி ஏழாகச் சுருங்கிற்று. ஓணத் திருநாள் வந்தால், அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் அண்டை வீட்டு மலையாளக் குழந்தைகளோடு நம் குழந்தைகளும் பூக்களம் இடுகின்றனர். பூக்களத்தின் வட்டத்தை வகுக்க நம் வீட்டுச் சிறுமி புள்ளி வைத்துத் தொடங்க, அதனைக் கண்டு அண்டை வீட்டார் வியந்ததை நாமே கண்டோம்.

துணியில் இடும் குறி

மட்டாஞ்சேரிக்கு அருகே, கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழியினர் இவர்கள் என்பது வழிவழிச் செய்தி. குளக்கரைகளில் தொழில் செய்து வந்த இவர்களுக்கு 1976-இல் கொச்சிப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தனித்தனித் தொட்டிகளோடு கூடிய வெளுப்பிடம் ஒன்றை அமைத்துத் தந்தது. இன்றும் அங்கே தமிழ் ஒலிக்கிறது.

அங்கே சென்று பார்ப்போர் இரண்டு நுட்பங்களைக் கவனித்தல் வேண்டும். ஒன்று, துணி உலர்த்தும் கயிறு. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அம்முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகின்றனர். கவ்வி எதுவும் தேவையில்லை. கடற்காற்று எவ்வளவு வீசினும் துணி பறப்பதில்லை. மற்றொன்று, துணியில் இடும் குறி. முன்னாளில் வண்ணார், சேங்கொட்டையின் சாற்றைத் தொட்டு, சுண்ணாம்பு சேர்த்து, துணியின் மூலையில் புள்ளியும் கோடுமாக ஒரு குறி இடுவர். எத்தனை வெளுப்புக்கும் அது அழியாது. இன்ன வீட்டுக்கு இன்ன குறி என்பது அவர் நினைவிலேயே இருக்கும். எழுத்தறியாதவரும் நூறு வீட்டுத் துணிகளை மாறாமல் கொண்டு சேர்ப்பர்.

இரயில்வேயில் சரக்கின் மேல் அனுப்புவோர் தமக்கென ஒரு 'தனிக்குறி' எழுதும் வழக்கம் உண்டு. அக்குறிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நமக்கு, வண்ணார் குறியும் கோலப் புள்ளியும் ஒரு குலத்தைச் சேர்ந்தவையாகவே தோன்றுகின்றன. இரண்டும் எழுத்தன்று, ஆனால் எழுத்தின் வேலையைச் செய்கின்றன.

ஏட்டில் வாழ்ந்த பாட்டு

இனி, இவ்வூரில் வாழ்ந்து பிரிந்த யூத மக்களின் செய்தியைக் கூற வேண்டும். நம் கட்டுரையின் உயிர்நாடி இதுவே.

மட்டாஞ்சேரி யூதத் தெருவிலுள்ள பரதேசி ஜெபாலயம் 1568-இல் எழுப்பப்பட்டது. தமிழில் 'பரதேசி' என்பது இரப்போனைக் குறிக்கும் இகழ்ச்சிச் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. இங்கு அது 'வேற்று நாட்டிலிருந்து வந்தோர்' என்னும் பழம்பொருளிலேயே வழங்குகிறது. அப்பொருளில் நோக்கினால் நாமும் பரதேசிகளே. அவ்வாலயத்தின் தரையில் 18-ஆம் நூற்றாண்டில் சீன நாட்டிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான நீல வண்ண ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. கையால் வரையப்பட்டமையால் ஒன்று போல் மற்றொன்று இல்லை என்பர். அவ்வோடுகளைக் காண்பதற்கு உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். ஆயினும், அவ்வோடுகளினும் அரிய செல்வம் ஒன்று அம்மக்களின் வீடுகளுக்குள் இருந்தது. அது அவர்தம் பெண்டிர் எழுதி வைத்த பாட்டு ஏடு.

கொச்சி யூதப் பெண்கள் மலையாள மொழியில் பாடல்கள் பாடி வந்தனர். திருமணப் பாட்டு, வாழ்த்துப் பாட்டு, திருமறைக் கதைகளைச் சொல்லும் பாட்டு, ஜெபாலயங்களின் பெருமையைப் பேசும் பாட்டு, கிளியை விளித்துப் பாடும் பாட்டு எனப் பல வகை உண்டு. அவற்றுள் பழமையானவற்றில் தமிழுக்கு நெருங்கிய சொல் வடிவங்களும் காணப்படும். ஆடவர் முன்னிலையில் பெண்கள் பாடலாகாது என்னும் தடை வேறு நாட்டு யூதர் சிலரிடையே இருந்தது; கொச்சியில் அத்தடை இல்லை. பெண்கள் எழுதப் படிக்கவும் அறிந்திருந்தனர். ஆகவே தாயின் ஏட்டைப் பார்த்து மகளும், அத்தையின் ஏட்டைப் பார்த்து மருமகளும் தத்தமக்கு ஒரு படி எழுதிக்கொண்டனர். அச்சேற்றும் நோக்கமோ புகழ் நாட்டமோ அவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த திருமணத்தில் பாடுவதற்குச் சொல் மறந்துவிடக் கூடாது என்பதே அவர்தம் கவலை.

1948-இல் இசுரேல் நாடு தோன்றியது. அடுத்த சில ஆண்டுகளில் கொச்சி யூதருள் மிகப் பெரும்பாலோர் அங்குச் சென்று குடியேறினர். மட்டாஞ்சேரித் தெரு வெறிச்சோடியது. இன்று இங்கு எஞ்சியிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஜெபாலயத்தின் உட்புற மரவேலைகள் எருசலேம் அருங்காட்சியகத்திற்குச் சென்றுவிட்டன. இங்கே நின்ற கட்டடத்தின் முகப்பு 2019-ஆம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்தது.

கட்டடம் விழுந்தது, பாட்டு விழவில்லை! காரணம், பெட்டிக்குள் துணிமணியோடு அவ்வேடுகளும் கப்பல் ஏறின. 1970-களில் பேராசிரியர் பி. எம். ஜஸ்ஸே இங்கேயும், அமெரிக்க ஆய்வாளர் பார்பரா ஜான்சன் முதலியோர் இங்கேயும் இசுரேலிலும் அவ்வேடுகளைத் தேடித் தொகுத்தனர். மட்டாஞ்சேரியிற் பிறந்த ரூபி டேனியல் அம்மையார் அப்பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துதவினார். அவர் எழுத்தராகப் பணிபுரிந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றியவர். 1951-இல் இசுரேலுக்குச் சென்றவர். தம் பாட்டியிடம் கேட்ட கதைகளையும் வீட்டு வழக்கங்களையும் அவர் 1995-இல் வெளிவந்த தம் வாழ்க்கை நினைவு நூலில் பதிந்து வைத்தார். பின்னர், ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் பதிப்பித்த பாடல் தொகுப்பு, 'கார்குழலி' என்று தொடங்கும் பெயரோடு 2005-இல் எருசலேமில் வெளிவந்தது. கார்குழலி என்னும் சொல்லின் பொருளைத் தமிழர்க்கு எவரேனும் விளக்க வேண்டுமோ?

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. ஏடுகளில் உள்ள பாடல்கள் சிலவற்றிற்குச் சொல் கிடைத்ததேயன்றி மெட்டுக் கிடைக்கவில்லை. மெட்டறிந்த முதியோர், கேட்போர் வருமுன்னரே மறைந்துவிட்டனர். ஏடு சொல்லைக் காக்கும். குரலைக் காக்க அதனால் இயலாது.

ஊசியும் நூலும்

அதே யூதத் தெருவில், சாரா கோஹன் என்னும் அம்மையார் தம் வீட்டு முன்னறையில் பூத்தையற் கடை நடத்தி வந்தார். வழிபாட்டின்போது ஆடவர் அணியும் சிறு தொப்பி, ஓய்வு நாளின் அப்பத்தை மூடும் துணி, கைக்குட்டை ஆகியவற்றில் அவர் ஊசி வேலை செய்வார். முதுமை எய்திய பின்னும் சன்னலோரம் அமர்ந்து தைத்துக்கொண்டிருந்ததைத் தெருவில் நடந்தோர் யாவரும் கண்டிருப்பர். அவர் 2019-இல், தம் 96-ஆம் வயதில் மறைந்தார். அவரிடம் கைவேலை கற்று, இறுதிவரை அவரைப் பேணி, இன்றும் அவ்வறையைக் காத்து வருபவர் ஓர் இசுலாமிய அன்பர் என்பது இவ்வூரின் பெருமைக்குரிய செய்தியாகும். தம் மரபில் எவரும் இல்லாதபோது அயலாரின் கையிலேனும் கலையை ஒப்படைத்துச் சென்றார் அம்மூதாட்டி.

2012-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் தொடங்கிய கொச்சி முசிறிக் கலை விழாவினால் இவ்வூர்ப் பண்டகசாலைகளெல்லாம் கலைக்கூடங்களாயின. உலகக் கலைஞர் பலர் வந்தனர். மகிழ்ச்சியே! ஆனால் அக்கூடங்களுக்குச் செல்லும் வழியில், நாள்தோறும் விடியலில் தோன்றி நண்பகலில் மறையும் கலை ஒன்று வாசற்படிகளில் இருப்பதை நம்மவரே கண்டுகொள்வதில்லை.

நாம் எடைக்குப் போட்ட ஏடு

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்தைக் கூறுவோம் என்றோம். அதனைச் சொல்ல நாணமாகவே இருக்கிறது.

நம் அன்னையார் தென்காசிச் சீமையிலிருந்து மணமாகி இவ்வூருக்கு வந்தபோது கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் முதற் பக்கங்களில் அவர்தம் தாயார் வரைந்த கோலங்கள். பின்னர் அவர் தாமே கண்டும் கற்றும் வரைந்தவை. பக்க ஓரங்களில் பால் கணக்கு இருக்கும். நமக்கு முதற் பல் முளைத்த நாள் இருக்கும். இரண்டு தாலாட்டுப் பாட்டும் இருந்தன. அண்டை வீட்டு அம்மையாரிடம் கேட்டு எழுதிய புளியிஞ்சிப் பக்குவமும் அதில் உண்டு. தமிழ்க் குடும்பம் ஒன்று கொச்சியில் வேரூன்றிய வரலாறு முழுவதும் அந்நோட்டில் இருந்தது என்பதை இன்று உணர்கிறோம்.

அன்னையார் மறைந்த மூன்றாம் ஆண்டு, பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பழைய செய்தித்தாள்களோடு அந்நோட்டையும் நாமே எடைக்குப் போட்டுவிட்டோம். அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து இருந்தமையால் எடுத்துப் பிரித்துப் பார்க்கவும் இல்லை. பொங்கல் விடியலில் நம் மகள் வந்து, "அப்பா, ஆச்சி போடும் தேர்க்கோலத்திற்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டாள். ஏழா, ஒன்பதா என்று நமக்கும் தெரியவில்லை, இல்லத்தரசியாருக்கும் நினைவில்லை. அப்போதுதான் நோட்டைத் தேடினோம். கடைக்கு ஓடினோம். மூட்டை ஏற்கனவே லாரியில் சென்றுவிட்டிருந்தது.

பேரேட்டில் ஏறாத சரக்கு வந்து சேர்ந்ததாகக் கணக்கில்லை என்பது நம் அலுவலகத்தின் முதல் விதி. பிறர் சரக்கை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிழையின்றிப் பதிந்து வந்த நாம், நம் வீட்டுச் சரக்கைப் பதியாமலே விட்டுவிட்டோம். கடல் கடந்து சென்ற யூதப் பெண்டிர் பெட்டியில் வைத்துக் காத்த ஒன்றை, பெயராத வீட்டில் இருந்துகொண்டே நாம் தொலைத்தோம்.

செய்யத்தக்கது யாது?

கோலம் அழிவதற்கென்றே இடப்படுவது. காலில் மிதிபட்டும் எறும்புக்கு இரையாகியும் மறைவதே அதன் இயல்பு. அதனை ஏன் காக்க வேண்டும் என்று சிலர் வினவலாம். உண்மையே. தரையில் இட்ட மாவு அழியலாம். அதன் கணக்கு அழியலாகாது. பிறந்த ஊரில் இருந்தவரை அக்கணக்கு தாயின் கையிலிருந்து மகளின் கைக்கு நேரே சென்றது. வேற்றூரில் வாழும் நமக்கு அச்சங்கிலி எளிதில் அறுபடும். கை விட்டுப்போகும் இடத்தில் ஏடு கைகொடுத்தல் வேண்டும்.

ஆகவே சங்க உறுப்பினர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லங்களில் கோல நோட்டு, பாட்டு நோட்டு, சமையற் குறிப்பு, பூத்தையல் மாதிரித் துணி ஆகியவை எவை இருப்பினும், கறைபடிந்தவை என்று எண்ணாமல் அடுத்த ஆண்டு விழாவிற்குக் கொண்டு வாருங்கள். அவற்றைப் படம் எடுத்து, எழுதியவர் பெயர், அவர் பிறந்த ஊர், இவ்வூருக்கு வந்த ஆண்டு ஆகியவற்றோடு ஒரு பதிவேட்டில் ஏற்றுவோம்; நோட்டை உரியவரிடமே திருப்பித் தருவோம். பதிவேடு எழுதும் பணியை நாமே ஏற்கிறோம். நமக்குத் தெரிந்த தொழில் அஃதொன்றே. பாட்டறிந்த முதியோர் இருப்பின், சொல்லை எழுதுவதோடு நில்லாது, கைப்பேசியில் அவர்தம் குரலையும் பதிவு செய்யுங்கள். மெட்டிழந்த பாடல்களின் கதையை மறவாதீர்கள்.

நம் மகள் இப்பொழுது புதிய நோட்டு ஒன்று தொடங்கியிருக்கிறாள். முதற் பக்கத்தில் ஆச்சியின் தேர்க்கோலத்தை நினைவிலிருந்து வரைய மூன்று முறை முயன்றாள். ஏழு புள்ளியில் தேரின் முடி அமையவில்லை; ஒன்பதில் சக்கரம் பெரிதாகிவிட்டது. மூன்றாவதாக அவள் வரைந்தது ஆச்சியின் தேரன்று, அவளுடைய தேர். அதன் கீழே நாளும் ஆண்டும் குறித்து, 'மட்டாஞ்சேரி' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!